டீரூம் பின்னறையில் ஒரு எய்ட் பால்

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாக லேப்டாப்பில் பின்பால் எஃப்எக்ஸ் என்ற விளையாட்டை ஆடுகிறார். அதில் வரும் ஆடம்ஸ் ஃபேமிலி, மெடீவல் மேட்னஸ் டேபிள்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இப்போது சாட்ஸ்வொர்த்தில் அவருடைய தாய்மாமா மூடிவிட்ட டீரூமின், அதாவது தெருமுனைக் கடையின், பின்னறையில், தார்ப்பாய்க்கு அடியில், நிஜமான பின்பால் மெஷின் ஒன்று கிடப்பது தெரியவந்திருக்கிறது. பாலி கம்பெனியின் எய்ட் பால், 1977. கடைசியாக எப்போது ஓடியது என்று மாமாவுக்கே நினைவில்லை. "தூக்கிட்டுப் போடா, இடமாவது காலியாகும்" என்கிறார். கம்ப்யூட்டரில்தான் இத்தனை டேபிள் இருக்கிறதே, இந்தப் பழைய இரும்பு எதற்கு என்கிறார் மனைவி. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா, சரிசெய்வது நம்மால் ஆகிற காரியமா, இல்லை மனைவி சொல்வதுதான் சரியா என்பது கேள்வி.

பிளக்கைச் செருகாதீர்கள். மற்றதெல்லாம் மெதுவாகப் பேசலாம். இதை மட்டும் இன்றைக்கே மாமாவிடமும் சொல்லிவிடுங்கள். ஆசைப்பட்டு அவர் போட்டுப் பார்த்துவிடப் போகிறார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோயம்புத்தூரில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் வளர்ந்தவன். 2006இல் டர்பனுக்கு வேலைக்கு வந்தேன். இங்கே வந்த பிறகுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. இதுவரை ஐந்து மெஷின்களைப் பிரித்திருக்கிறேன். நான்கு ஓடுகின்றன.

மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நம்மில் பலருக்குப் பின்பால் என்றாலே விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த ஸ்பேஸ் கேடட்தான். பிரவுசிங் சென்டரில் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு நெட் வராத நேரமெல்லாம் அதைத்தான் ஆடினோம். அது 1995இல் மேக்சிஸ் வெளியிட்ட ஃபுல் டில்ட் என்ற விளையாட்டின் ஒரு டேபிள். விஸ்டாவில் அது ஏன் காணாமல் போனது தெரியுமா? 64 பிட் விண்டோஸுக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல் பேய் மாதிரி ஊடுருவிப் போனது. யாரோ எழுதிய பழைய நிரலில் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் விளையாட்டையே எடுத்துவிட்டார்கள். ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல். மென்பொருளும் துருப்பிடிக்கிறது.

நீங்கள் ஆடும் பின்பால் எஃப்எக்ஸ், புடாபெஸ்டில் இருக்கும் ஜென் ஸ்டுடியோஸ் செய்தது. 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு முதல் பதிப்பு வந்தது. ஆனால் நிஜ மெஷின்களை அப்படியே திரைக்குக் கொண்டுவருவதில் முதலில் பெயர் வாங்கியது ஃபார்சைட் ஸ்டுடியோஸின் பின்பால் ஆர்கேட், 2012. நிஜ மெஷின் செய்த வில்லியம்ஸ், பாலி கம்பெனிகளின் டேபிள்கள் அதில்தான் வரிசையாக வந்தன. 2018 ஜூன் 30ஆம் தேதியோடு உரிமம் முடிந்தது. அத்தனை வில்லியம்ஸ், பாலி டேபிள்களும் ஒரே நாளில் கடையிலிருந்து மறைந்தன. முன்பே வாங்கியவர்களிடம் மட்டும் தங்கின. அதே ஆண்டு அக்டோபரில் ஜென் அந்த உரிமத்தோடு மெடீவல் மேட்னஸ், ஃபிஷ் டேல்ஸ், ஜங்க் யார்டு, கெட்அவே என்று நான்கைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் மறுபடி கொடுத்தார்கள். பிறகு எஃப்எக்ஸ்3இலிருந்து புதிய பின்பால் எஃப்எக்ஸுக்கு மாறியபோதும் பெரும்பாலானவற்றுக்கு அதே கதை. நான் மெடீவல் மேட்னஸை மூன்று முறை வாங்கியிருக்கிறேன். என் மனைவிக்கு இன்னும் தெரியாது.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. திரையில் ஆடாமல் பழைய மெஷினை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தப்பான மெஷினைத்தான் வாங்குகிறார்கள். எந்த டேபிளில் பத்தாவது நாளும் கை ஓயாமல் இருக்கிறது என்பதை அந்தச் சின்ன விலையில் வேறு எங்கும் கற்க முடியாது. எய்ட் பாலை மாமா வீட்டுக்குப் போகும் முன்பே ஆடிப் பார்க்கவும் வழி இருக்கிறது. ராண்டி டேவிஸ் என்பவர் 2000இல் வெளியிட்ட விஷுவல் பின்பால் என்ற மென்பொருளில் ரசிகர்கள் பழைய டேபிள்களைத் தாங்களே கட்டியிருக்கிறார்கள். எய்ட் பாலும் இருக்கிறது. அதோடு சேர்ந்து ஓடும் விபின்மேம், மெஷினுக்குள் இருந்த ரோம் (ROM) சிப்பின் அசல் நிரலையே ஓட்டுகிறது. ஆகவே புள்ளிக் கணக்கும் விதிகளும் 1977இல் இருந்தவைதான். ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். ஒன்று முதல் ஏழு வரை பந்துகளைச் சேர்த்து எட்டாவதை அடிக்கிற எளிய ஆட்டம். ஆடும் பந்து கீழே வடிந்து அடுத்தது வந்தாலும் நீங்கள் சேர்த்தவற்றின் விளக்குகள் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். அந்தக் காலத்தில் அது புதுமை. மெடீவல் மேட்னஸின் கோட்டையையும் பூதங்களையும் பழகிய கைக்கு இது சப்பென்று இருந்தால், மெஷினை மாமாவிடமே விட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்குப் பிடித்த ஆடம்ஸ் ஃபேமிலிக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு உறவு உண்டு. எய்ட் பால் 20,230 தயாரானது. பதினைந்து வருடம் யாரும் அதைத் தாண்டவில்லை. 1992இல் பாட் லாலர் வடிவமைத்த ஆடம்ஸ் ஃபேமிலி 20,270 வந்து அதை முந்தியது. நாற்பது பெட்டி வித்தியாசம். இத்தனை தயாரானதால் உங்களுக்கு ஒரு லாபம்: உதிரிபாகங்களும் சர்க்யூட் படங்களும் இன்றும் கிடைக்கின்றன.

இப்போது பிளக் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மெஷினின் தலைப்பெட்டிக்குள் சிபியு போர்டு இருக்கிறது. அதன் மேல் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று சால்டர் செய்யப்பட்டிருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் அதிகபட்ச ஸ்கோரை நினைவில் வைத்திருக்க அது. நாற்பது, நாற்பத்தைந்து வருடத்தில் அது கசியாமல் இருந்தால் உங்களுக்கு முருகன் துணை. கசிந்தால் அந்தக் காரம் செம்புத் தடங்களில் பச்சையாகப் பூத்து, ஐசி சாக்கெட்டுகளுக்குள் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் ரீசெட் சர்க்யூட்டைத் தின்றுவிடும். நான் முதன்முதலாகத் திறந்த பெட்டியில், பழைய டார்ச் லைட்டுக்குள் செத்த செல்லைப் பார்த்திருப்பீர்களே, அதே வெள்ளைப் பொடியும் பச்சைக் களிம்பும் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தன. ரீசெட் சர்க்யூட் ஒழுங்காக இல்லாத போர்டுக்கு மின்சாரம் கொடுத்தால் ஏதாவது ஒரு சோலனாய்டு, அதாவது இரும்பை இழுக்கும் மின்காந்தக் காயில், "டக்" என்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விடாது. அரை நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வரும். பட்டறையில் வளர்ந்தவனுக்குத் தூக்கத்தில்கூட அந்த வாசனை தெரியும். ஐந்தில் ஒன்று ஓடவில்லை என்றேனே, அதற்கு இதுதான் நடந்தது. விற்றவர் "நேற்றுகூட ஓடிச்சு" என்றார், நான் நம்பினேன், செருகினேன்.

ஆகவே முதல் வேலை, பேட்டரியை வெட்டி எடுப்பது. பிறகு போர்டைக் கழற்றி, பச்சை இருக்கும் இடத்தில் வெள்ளை வினிகரை டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். காரத்துக்கு அமிலம். அப்புறம் தண்ணீர், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அப்புறம் இரண்டு நாள் காயவிடுங்கள். களிம்பு சாக்கெட்டுகளுக்குள் இறங்கியிருந்தால் போர்டோடு போராடாதீர்கள். அந்தக் காலத்து பாலி மெஷின்களுக்கு ஆல்டெக் போன்றவர்கள் புதிய போர்டே செய்து விற்கிறார்கள், அதில் பேட்டரியே கிடையாது. அசலைத்தான் வைத்திருப்பேன் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். அது கோயில் விக்கிரகம் இல்லையே, சிப்புகள் உள்ள பலகைதானே.

இரண்டாவது, வோல்டேஜ். சிகாகோவில் செய்த பெட்டி. அங்கே 115 வோல்ட், நமக்கு 230. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு உண்டு. டீரூமில் ஓடியது என்றால் அநேகமாக 230க்கு மாற்றித்தான் இருப்பார்கள். ஆனால் சிலர் மாற்றாமல் பக்கத்தில் தனி ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினார்கள். அந்தத் தனிப்பெட்டி எப்போதோ காணாமல் போயிருக்கும். மெஷின் மட்டும் நிற்கும், பிளக்கில் நம்மூர் மூன்று தடிமுனை இருக்கும். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? சர்க்யூட் படத்தோடு ஒயரை ஒத்துப் பாருங்கள். அப்படியே ஃபியூஸ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எழுதியிருக்கும் ஆம்பியர்தானா என்று பாருங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ் ஒன்றாவது கிடைக்கும். சனிக்கிழமை கூட்டத்தில் மெஷின் நிற்கக் கூடாது என்று மாமாவே சுற்றியிருப்பார். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது பவர் போர்டிலிருந்து வெளியே போகும் கனெக்டர்களை எல்லாம் கழற்றிவிட்டுக் கொடுங்கள். சோலனாய்டுக்கு 43 வோல்ட் டிசி வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகு ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். சோலனாய்டு டிரைவர் போர்டுக்குச் செருகியதும் அங்கே லாஜிக்குக்கு 5 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள். டிஸ்ப்ளேக்குப் போகும் சுற்றில் 190 வோல்ட் அளவு இருக்கிறது. அங்கே ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும், மற்றது சட்டைப்பையில் இருக்கட்டும். சிபியு போர்டில் சின்ன எல்இடி ஒன்று உண்டு. எல்லாம் நலம் என்றால் முதலில் ஒரு துடிப்பு, பிறகு ஏழு முறை மினுக்கும். எத்தனையாவது மினுக்கலில் நிற்கிறது என்பதை வைத்து எந்த சிப் போனது என்று சொல்லிவிடலாம். 1977இல் இவ்வளவு நல்ல மனசோடு ஒரு எஞ்சினியர் யோசித்திருக்கிறார். இப்போது வாங்கும் வாஷிங் மெஷின் நமக்கு இவ்வளவு சொல்வதில்லை.

வீட்டு எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்தால் அதைத் திட்டாதீர்கள், மெயின் டிபி போர்டில் அதைத் தாண்டி ஒயர் போடவும் போடாதீர்கள். ஈரம் ஏறிய பழைய ஒயர் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். லோட்ஷெட்டிங் நாட்களில் பட்ட பாடும் நினைவிருக்கட்டும். கரண்ட் போனதும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்ப வரும் முதல் நொடிதான் பழைய டிரான்சிஸ்டர்களுக்கு எமன்.

மின்சாரம் முடிந்ததும் ஃப்ளிப்பர், பந்தை அடிக்கும் துடுப்பு. எனக்கு இந்த வேலையில் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரையில் ஆடும்போது ஃப்ளிப்பர் எப்போதும் ஒரே வலுவோடு அடிக்கும். நிஜத்தில் அது ஒரு காயில், அதற்குள் ஓடும் இரும்பு பிளஞ்சர், இடையில் நைலான் குழாய், முடிவில் ஒரு தடுப்பு. காயிலில் இரண்டு சுற்று உண்டு. தடிக் கம்பிச் சுற்று பந்தை அடிக்க, மெல்லிய கம்பிச் சுற்று பொத்தானை அழுத்தியபடி இருந்தால் ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடித்திருக்க. அடி முடிந்த கணத்தில் ஒரு குட்டி சுவிட்ச் திறந்து மெல்லிய சுற்றையும் மின்சாரப் பாதையில் சேர்த்துவிடும், பாயும் ஆம்பியர் சட்டென்று குறையும். எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்ச் என்பார்கள். அது திறக்காவிட்டால் காயில் கருகும். சரியாக மூடாவிட்டால் ஃப்ளிப்பர் நோயாளி மாதிரி மெல்ல எழும். பழைய மெஷினில் பந்து மேல்வளைவு வரை போகவில்லை என்றால் மெஷினுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் இந்த அரை அங்குலத் தகடுதான் காரணம். அதன் முனை டங்ஸ்டன், கரிபிடித்திருக்கும். நாலு இழுப்பு மெல்லிய அரத்தால் இழுத்தால் வெள்ளையாகும். ஆனால் அதே அரத்தை எடுத்துக்கொண்டு மேலே உள்ள மற்ற சுவிட்சுகளுக்குப் போகாதீர்கள். அவற்றின் முனையில் தங்க முலாம். அங்கே ஒரு கெட்டியான காகிதத்தை, கல்யாணப் பத்திரிகை அட்டைகூடப் போதும், இடையில் வைத்து அழுத்தி இழுத்தால் அழுக்கு வந்துவிடும்.

பிளஞ்சரைக் கழற்றினால் அதன் முனை ஆயிரக்கணக்கான அடி வாங்கிக் காளான் மாதிரி விரிந்திருக்கும். நைலான் குழாயில் அது உரசி ஒட்டிக்கொள்ளும். அப்போது நம் ஆட்கள் எல்லோருக்கும் கை போகும் இடம் ஒன்றுதான், கியூ20 எண்ணெய் ஸ்பிரே டப்பா. வீட்டுக் கேட், சைக்கிள் செயின், எதற்கும் கியூ20. தயவுசெய்து இங்கே வேண்டாம். காயிலுக்குள் எண்ணெயே கூடாது. எண்ணெயோடு கரித்தூள் சேர்ந்து ஆறு மாதத்தில் பிசினாகும். குழாயை மாற்றுங்கள், பிளஞ்சரை மாற்றுங்கள், முழு செட்டாகவே விற்கிறார்கள். இரண்டு ஃப்ளிப்பருக்கும் மாற்றி முடித்து, 27 மில்லிமீட்டர், 80 கிராம் எஃகுப் பந்தை விட்டு முதல் அடி அடிக்கும்போது மரப்பெட்டி வழியாக உள்ளங்கைக்கு ஒரு தட்டு வரும். லேப்டாப்பின் ஷிஃப்ட் கீயில் அது வராது.

சரி, டர்பனுக்கே உரிய தொல்லைகள். ஜோஹன்னஸ்பர்க்கில் 1,700 மீட்டருக்கு மேல் வறண்ட காற்றில் நின்ற மெஷினையும் நம் ஊரில் கடல் காற்றில் நின்றதையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று சொல்ல மாட்டீர்கள். இங்கே கால் போல்ட்டிலிருந்து பந்து ஓடும் கம்பிவரை துரு. அதைவிட மோசம் பேக்கிளாஸ், தலைப்பெட்டியின் முகப்பில் இருக்கும் படக்கண்ணாடி. அந்தப் படம் கண்ணாடியின் பின்பக்கம் அச்சடித்தது. ஈரமும் பல்பின் சூடும் மாறி மாறிப் பட்டால் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயரும். அதைத் துணியால் துடைத்தீர்களோ, மாமாவின் முப்பது வருட ஞாபகமும் துணியோடு வந்துவிடும். தொடாதீர்கள். படுக்கவைத்து, ஒட்டியிருப்பதை கிளியர் கோட் ஸ்பிரேயால் இறுக்கிவிட்டு, பின்னால் இருக்கும் 44 நம்பர் பல்புகளை 47க்கு மாற்றுங்கள். 250 மில்லிஆம்பியர் இழுக்கிற இடத்தில் 150 போதும், சூடு குறையும்.

பந்து ஓடும் தளமான பிளேஃபீல்டு மேப்பிள் ஒட்டுப்பலகை. தண்ணீர் படவே கூடாது. பாலிஷ், அப்புறம் கார்களுக்குப் போடும் கார்னாபா மெழுகு. ரப்பர் வளையங்கள் அனைத்தும் மாற்ற வேண்டும், பழையவை தொட்டாலே முறுக்கு மாதிரி உடையும். பிறகு, உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். என் மெஷின் ஒன்றில் சோலனாய்டு டிரைவர் போர்டின் மேல் ஒரு பல்லி, காய்ந்து கருவாடாக, இரண்டு முனைகளுக்கு நடுவே பாலம் போட்டுக் கிடந்தது. தலை, தோள், பாதம் என்று பல்லி விழும் பலனெல்லாம் பஞ்சாங்கத்தில் உண்டு. போர்டில் விழுந்தால் என்ன பலன் என்று இல்லை. நான் சொல்கிறேன்: செலவு.

செலவு என்றதும், பாகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். சின்னச் சின்னதாக வாங்கினால் தபால் கூலி பொருளைவிட அதிகமாகும், சுங்கத்தில் 15 சதவீத வாட் வேறு. முழு மெஷினையும் பிரித்துப் பார்த்து, பட்டியல் எழுதி, ஒரே தடவையாக வரவழையுங்கள். நேரம்? எனக்கு எய்ட் பால் மாதிரியான ஒன்றுக்குச் சனிக்கிழமை மட்டும் உட்கார்ந்து ஏழெட்டு மாதம் ஆனது. அதில் ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில், காவடி, கல்யாணங்கள் எல்லாம் கழித்துதான். ஆடிய நேரத்தைவிட அதன் வயிற்றைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த நேரம் அதிகம், இன்றும் அப்படித்தான். அந்த உட்காருதல் உங்களுக்குப் பிடிக்குமா என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். ஆட்டம் மட்டும் வேண்டும் என்றால் மனைவி ஜெயித்துவிட்டார். சால்டரிங் அயனைக் கையில் எடுக்கும்போது நேரம் போவது தெரியாத ஆள் என்றால் எடுத்து வாருங்கள். அப்படி எடுத்தாலும் லேப்டாப்பை விற்காதீர்கள், மெஷின் கவிழ்ந்து கிடக்கும் மாதங்களில் அதுதான் ஆட்டம்.

எய்ட் பாலில் எலெக்ட்ரானிக் சத்தம் கிடையாது. புள்ளி ஏறும்போது நிஜமான உலோகக் கட்டைகளை சுத்தி தட்டும், பிளேஃபீல்டுக்கு அடியில் கோயில் மணிக்குச் சின்னப் பிள்ளை மாதிரி. மாமாவின் டீரூமில் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்க நின்றவர்கள் எல்லாம் அதைக் கேட்டிருப்பார்கள். அது ஒலிக்கும் நாளில் அவரையும் கூப்பிடுங்கள்.

தூக்குவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் போதாது. தலைப்பெட்டியை நான்கு போல்ட் பிடித்திருக்கும். கழற்றும் முன் உள்ளே வரும் ஒயர் கனெக்டர்களை ஒவ்வொன்றாக போன் கேமராவில் படம் பிடித்துவிட்டு எடுங்கள். பந்தை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கி (பிக்கப் வண்டி) குலுங்கும்போது கண்ணாடியை அது பார்த்துக்கொள்ளும். கால்களைக் கழற்றி, பெட்டியைப் படுக்கைவாட்டில் வைத்து, கண்ணாடியை மட்டும் போர்வை சுற்றிக் காருக்குள் கொண்டுபோங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மாமாவிடம் கேட்க வேண்டியது சாவி. காசுக் கதவின் சாவி கிடைத்தால், தலைப்பெட்டியின் சாவி அநேகமாக அந்தக் கதவுக்குள்ளேயே ஒரு கொக்கியில் தொங்கும். கிடைக்காவிட்டால் கதவை நெம்பாதீர்கள், பூட்டைத் துளை போட்டு எடுங்கள். பூட்டு மலிவு, கதவு கிடைக்காது.